தேயும் சுருள்கள்

கேலக்ஸி படங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. பேருக்குத்தான் ஆராய்ச்சிப் பயிற்சி. விடுமுறை முழுக்கச் செக்குமாட்டு வேலை. ஒவ்வொரு படமாகத் திறந்து உற்றுப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து சுழன்று விரியும் சுருள் கைகள் மங்கலாகவாவது தெரிந்தால் ‘சுருள்’, இல்லையென்றால் ‘உருண்டை’ என்று குறிக்க வேண்டும்.

கடைசி ஃபோல்டரை முடித்துவிட்டு மொத்தத்தையும் கிராஃப் போட்டவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் ஃபோல்டரில் முக்கால்வாசி சுருள். போகப் போகக் குறைந்து, கடைசியில் கிட்டத்தட்ட எல்லாமே உருண்டை!

ஓட்டமும் நடையுமாகத் தன் ஆராய்ச்சி கைடின் அறைக்குப் போனாள்.

“மேடம், வயசாக வயசாக கேலக்ஸிக்குக் கை மறைஞ்சு போகுது! ஃபோல்டர் வரிசையிலேயே தெரியுது, பாருங்க!”

கைடு ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தார். “வயசு வரிசைன்னு யாரும்மா சொன்னா?”

“நம்பர் போட்டிருந்துச்சே... நானாத்தான் நினைச்சுக்கிட்டேன்.”

“முதல் ஃபோல்டர்ல இருந்த அதே படங்கள்தான் கடைசியிலயும். கலைச்சுப் போட்டு வச்சிருந்தேன். குறிக்கிறவங்க கண்ணு கடைசி வரைக்கும் தாங்குதான்னு பார்க்க, யார் வந்தாலும் அப்படித்தான் கொடுப்போம்.”

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “அப்போ இந்த கிராஃப்?”

கைடு அவளுடைய சிவந்த கண்களைப் பார்த்தார்.

“கிராஃப் சரியாத்தான் இருக்கு. கேலக்ஸியெல்லாம் அப்படியே இருக்கும்மா. நீதான் தேஞ்சு போயிருக்கே. போய்த் தூங்கு.”