பிரசிடென்டுக்கு ஒன்பதாவது கடிதம்

என் வீட்டுக்காரர் பஞ்சாயத்து பிரசிடென்டைத் திட்டி ஒன்பதாவது கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் ரப்பர் ஷீட் கடையின் லைசென்ஸைப் புதுப்பிக்கும் மனுவோ அதே பஞ்சாயத்து ஆபீஸில் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது.

"இந்த மாசம் முடியியதுக்குள்ள லைசென்ஸ் கிட்டல்லண்ணா கடையைப் பூட்டணும். நினைப்பு உண்டா?" என்றேன்.

"உண்டு" என்றார், தலை நிமிராமல்.

"பின்ன எதுக்கு அந்தப் பிரசிடென்ட் பிள்ளையைப் போட்டுச் சீண்டுதீங்க?"

"இது நாட்டுக்காரியம் ஆக்கும். உனக்கு விளங்காது."

அவர் குளிக்கப் போனதும் கடிதத்தை எடுத்து வாசித்தேன்.

'காட்டுப்பன்றி ராத்திரி முழுக்க உழைத்து எங்கள் மரச்சீனிக் கிழங்கைத் தோண்டுகிறது. நம் பிரசிடென்ட் பகலில்கூட உழைப்பதில்லை. பன்றியைப் பார்த்தாவது கற்றுக்கொண்டு, மலையடிவாரத்து விளைநிலங்களுக்கு உடனே வேலி போடவும். இப்படிக்கு, வேதமணி, வியாபாரி.'

கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

முந்தின எட்டுக் கடிதமும் இதே லட்சணம்தான். 'கால்வாயில் தண்ணீர் இல்லை. அது பிரசிடென்டின் பிரசங்கத்தில் மட்டும் ஓடுகிறது' என்று ஒன்று. 'கம்பத்தை நட்டுவிட்டு பல்பு போட மறந்த மகாராணி' என்று இன்னொன்று.

பிரசிடென்ட் விலாசினியும் லேசுப்பட்டவள் இல்லை. ஆபீஸ் முத்திரை குத்தி பதில் போடுவாள். 'தங்கள் கடிதம் கிடைத்தது. ரப்பர் விலை இறங்கிய கோபத்தைப் பஞ்சாயத்தின் மேல் காட்ட வேண்டாம்.'

அதையும் இவர் கடைக்கு வருகிறவர்களிடம் சத்தமாக வாசித்துக் காட்டுவார்.

பாவம் அவள். எதிர்ப்பக்கம் இரண்டாகப் பிரிந்து நின்றதால் பிரசிடென்ட் ஆனவள். ஆன மறுநாளே அந்த இரண்டு கோஷ்டியும் ஒன்றாகிவிட்டன. சுகாதார நிலையத்துக்கு நாலு நாற்காலி வாங்கலாம் என்று அவள் சொன்னால்கூட, அவர்களுடைய தலைவர் சதாசிவன் சார் கண்ணைக் காட்டுவார். அத்தனை பேரும் எதிர்த்துக் கை தூக்குவார்கள்.

அவரிடம் போய் இவர் கடிதம் சிக்கினால் கேட்கவா வேண்டும். பஞ்சாயத்துக் கமிட்டியில் எழுந்து நின்று, நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். அவருடைய ஆட்கள் மேசையைத் தட்டுவார்கள். "ஒரு வியாபாரி கேக்கியதுகூட உங்களால செய்ய முடியாதா?" என்று அங்கேயே தீர்மானம் போடுவார்கள். விலாசினி தலையைக் குனிந்தபடி கையெழுத்துப் போடுவாள். அப்படித்தான் பல்பு வந்தது. கால்வாயும் தூர் வாரப்பட்டது.

"வேதமணிதான் நம்ம எதிர்க்கட்சித் தலைவர்" என்று சதாசிவன் சார் டீக்கடையில் சொன்னாராம். இவருக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

லைசென்ஸ் நின்றுபோனால் சதாசிவன் சாரா வந்து கடையைத் திறந்து தருவார்?

மறுநாள் காலையில், பாறசாலையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு ஆட்டோ பிடித்து விலாசினி வீட்டுக்குப் போனேன்.

அவள் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க அக்கா. பழம் எதுக்கு? லஞ்சம்னு சொல்லி அண்ணன் அதுக்கும் ஒரு கடிதம் எழுதுவாரு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மக்கா, அந்த மனுஷனுக்கு நாக்கு நீளம். நீ மனசில ஒண்ணும் வைக்கப்பிடாது. லைசென்ஸ் கிட்டல்லண்ணா நாங்க தெருவிலதான் நிக்கணும்."

"லைசென்ஸா? நேத்து சாயங்காலமே செக்ரட்டரி ஒப்பு போட்டாச்சே. இன்னைக்கு ஆளை விட்டு வாங்கிக்கிடுங்க."

என் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு ஏச்சு வாங்கியும் இப்படி ஒரு மனசா?

"நீ நல்லா இருப்ப, மக்கா. பன்னியோட சேத்து உன்னை எழுதின ஆளை நான் சும்மா விடமாட்டேன். இன்னைக்கே அந்தப் பேனாவைப் பிடுங்கி அடுப்பில போடுதேன். இனி உன்னை ஏசி ஒரு வரி வராது."

விலாசினியின் முகம் மாறியது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அது மட்டும் செய்யாதீங்க. அண்ணன் உங்ககிட்டகூடச் சொல்லல்லியா?"

"என்னத்த?"

அவள் உள்ளே போய், நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"இதை அண்ணன்கிட்ட குடுங்க. அடுத்த கடிதம். இந்தத் தடவையாவது நான் எழுதினதை அப்படியே பாத்து எழுதச் சொல்லுங்க. என்னைப் பாவம் பாத்து அவரு பாதி ஏச்சை வெட்டிருதாரு. ஏச்சு குறைஞ்சா தீர்மானத்துக்கு சதாசிவன் சார் கை மேல பொங்காது."