மூட்டையின் பின்பக்கம்

குட்னி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

எதிரே மூன்று மூட்டைகள். மூன்றையும் குப்புறப் போட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் பாய்ந்தோடும் நாய்களின் படம் இருந்தது. அதை அவள் சட்டை செய்யவே இல்லை.

ஆல்டா என்ற இந்தப் பனி ஊரில் நான் நாய்த் தீனிக் கடை வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. பனியில் நாய் பூட்டிச் சறுக்குவண்டி ஓட்டுகிறவர்கள் வருவார்கள், போன தடவை வாங்கியதையே தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். இப்படி உட்கார்ந்து படித்த ஆளை நான் பார்த்ததில்லை.

கழுத்துப் பட்டை வாங்க வந்த ஒட்வாருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அவனும் வண்டி ஓட்டுகிறவன்தான்.

"என்ன குட்னி, நாளைக்குப் பரீட்சையா?"

"ஆமா. நான் பெயிலானா நாய்ங்க இளைச்சுப்போகும்."

அடுத்த வாரம் அவள் தன் எட்டு நாய்களோடு தனியாகப் பனி மூடிய பீடபூமியைக் கடக்கிறாள். ஐந்து நாள் பயணம்.

முதல் மூட்டையில் முதல் சரக்காகப் புதுக் கோழி இறைச்சி என்று போட்டிருந்தது. எடை அதிகமுள்ளதைத்தான் முதலில் எழுதுவார்கள்.

"பச்சைக் கறியில பாதிக்கு மேல தண்ணிதானே? அதை வத்த வச்சா இந்தக் கோழி எத்தனாவது இடத்துல நிக்கும்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அவள் அந்த மூட்டையைத் தள்ளி வைத்தாள்.

மிச்சம் இரண்டு. ஒன்று கோழித் தூள், இன்னொன்று சால்மன் மீன் தூள். இரண்டிலும் புரதம் முப்பத்திரண்டு சதவீதம், கொழுப்பு முப்பது. சாம்பல் ஏழு.

"சாம்பலா? அடுப்பை வழிச்சுக் கொட்டிட்டானுங்களா?" என்றான் ஒட்வார்.

"எரிச்சா மிஞ்சுற தாது. எலும்பு சேரச் சேர அது ஏறும்" என்றேன். இதாவது எனக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எண்கள் ஒன்றாகிவிட்டன. இனி விலையைக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"பனியை உருக்கி ஊத்தினா எவ்வளவு நேரத்துல குழையும்?"

"பத்து நிமிஷம்."

"வாயில ஒட்டுமா?"

நாய் வாயில் ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன?

அவள் சால்மன் மூட்டையை முகர்ந்து பார்த்தாள். பிறகு அதைத் தட்டி, "இதுதான்" என்றாள்.

நான் கணக்குப் போட்டேன். "எட்டு நாய், அஞ்சு நாள். மூணு மூட்டை போதும்."

"ஒன்பதுக்குப் போடு. நாள் கணக்குலயும் ரெண்டு கூட்டிக்க."

"புதுசா குட்டி எடுத்திருக்கியா? சொல்லவே இல்ல!" என்றான் ஒட்வார்.

குட்னி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"குட்டியெல்லாம் இல்ல. ஒன்பதாவது நான்."



போன பிப்ரவரியில் இதே பாதையில் பனிப்புயல் அவளை நான்கு நாள் பிடித்து வைத்திருந்தது. தேடிப் போன குழு வழி தெரியாமல் பாதியில் திரும்பியது. அந்தக் குழுவில் ஒட்வாரும் இருந்தான். ஐந்தாம் நாள் எட்டு நாய்களோடும் அவளே ஊருக்குள் வந்து சேர்ந்தாள். ஊரே கட்டிப்பிடித்தது. என்ன சாப்பிட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"என் சாப்பாட்டுப் பை ரெண்டாம் நாளே காலி. அப்புறம் நாய்ங்களோட கோழித்தூள் தீனிதான். மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேன்னுச்சு" என்றாள். பக்கத்து வீட்டு விருந்தில் குழம்பு சரியில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

ஒட்வார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "ஒன்பது பேருக்கும் சம பங்கா பிரிச்சே?" என்று கேட்டான்.

"சமமா எப்படிப் பிரிக்கிறது? எனக்கு அரைப் பங்குதான்."

குட்னி ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"நான் வண்டியில உக்காந்துதானே வரணும்? இழுக்குறது அதுங்க."