கதவில் எழும் கை

போடி மரப்பட்டறையின் உச்சிவெயிலில் டர்பன்டைன் வாடையில் தலை கிறுகிறுக்கிறது. ஏலக்காய்க்கடை ஜெபராணி வீட்டுப் பலாமரக் கதவைக் கட்டைகள்மேல் கிடத்தி, பக்கத்தில் நிற்கும் அவளிடம் வார்னிஷா பெயிண்டா என்று கேட்டபடி, பிச்சைமணி ஆசாரி ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுக்கிறார். வார்னிஷ் அடித்தால் மரம் என்ன நிறத்துக்கு வரும் என்று காட்ட, எல்லோருக்கும் செய்வதுதான். மஞ்சள் மரம் கறுத்துச் சிவக்கிறது. நடுவே, தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே, ஐந்து விரலும் விரித்த கைத்தடம் ஒன்று எழுகிறது. பழைய பாலிஷ் போக இரண்டு தடவை இழைத்த பலகை அது. ஈரம் காயக் காயத் தடம் மங்குகிறது. மறுபடி நனைத்தால் அதே இடத்தில் வருகிறது. ஆசாரியின் வாயில் வெற்றிலை மெல்லாமல் நிற்கிறது.

“பச்சைப் பெயிண்டு ரெண்டு கோட்டு அடிச்சிருவோம்மா. ஒண்ணுந் தெரியாது.”

ஜெபராணி குனிந்து தன் உள்ளங்கையை அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்க்கிறாள். விரலுக்கு விரல் சரியாகப் பொருந்துகிறது.

“எட்டு வருசத்துக்கு முன்ன, எம்மகன் மூணு வயசுல செத்த மறுமாசம் இதுக்குப் பாலிஷ் போட்டாக. அப்ப இந்தக் கை தாழ்ப்பாளுக்குக் கீழ, இத்துனூண்டா இருந்துச்சு ஆசாரி,” என்கிறாள், கையை எடுக்காமல். “வார்னிஷே அடிங்க. இன்னும் எம்புட்டு வளருவான்னு பாக்கணும்ல.”