அடுக்களை மின்விசிறி

பூரணத்தம்மாளை அடுக்களை மின்விசிறி கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் அடுப்பின் முன் நின்று பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். கரண்ட் பில் கூடுகிறதென்று அவள் கணவர், ஐயா, மின்விசிறியைப் போடவே விட்டதில்லை. அன்று அவள் அங்கேயே மயங்கி விழுந்தாள், எழவில்லை.

காரியம் முடிந்ததும் அடுக்களை விசிறி கூடத்து மின்விசிறியிடம் சீறியது. "நீ நாள் முழுக்கச் சுத்துனியே, அதுக்குக் கரண்ட் ஆகலையா?"

"நான் ஐயா தலைக்கு மேல சுத்துறேன்டா. அது செலவா?"

"அப்ப அம்மாவுக்குத் தலையே இல்லையா?"

கூடத்து விசிறி ஐயா தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஐயா டீ போட வந்தார். தண்ணீர் கொதிக்கும் முன்பே சட்டை நனைந்தது. சுவிட்சைத் தட்டினார். பல கோடைகள் சும்மா கிடந்து இறுகிய விசிறி முனகியது, சுற்றவில்லை.

அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் காலண்டர் அட்டை தொங்கியது.