காப்பாற்றப்பட்ட காடு

“இந்தக் காட்டை வெட்ட வந்தவன் எவன்? முதல்ல அவனைக் காட்டு!”

ரம்பம் போட்ட சத்தத்தில், கண்ணாடிச் சுவருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று மீட்டிங் அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். தகவல்களைச் சரிபார்க்கும் பிரிவின் தலைவி அவர். பிடித்தால் விடாமல் அறுப்பதால் அலுவலகமே சேர்ந்து வைத்த பெயர்தான் ரம்பம். இன்று அகப்பட்டவள் டிசைனர்.

சுவர்த் திரையில் இருந்தது அவள் மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்துச் செய்த டாஷ்போர்டு. கார்பன் ஈடு என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது. மேலே விமானத்தைத் தொட்டால் கரும்புகை எழும். அந்தப் புகைக்கு ஈடாக ஒரு கம்பெனி காப்பாற்றிய காடு கீழே பச்சைப் பசேலென்று விரியும். மரங்களின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏற ஏறப் புகை மறைந்துபோகும். பார்க்க அவ்வளவு அழகு!

“டேட்டால இருக்கிறதைத்தான் போட்டேன் மேடம். காட்டைக் காப்பாத்தினதா அந்தக் கம்பெனியே சொல்லுது...”

“காப்பாத்தினேன்னு யாராவது வந்து சொன்னா உடனே நம்பிடுவியா? அந்தக் காடு மலை உச்சியில இருக்கு. ரோடு இல்ல, ஆள் நடமாட்டம் இல்ல, அதை ஒருத்தனும் வெட்டப் போறதே இல்ல. யாரும் தொடாத மரத்தைக் காப்பாத்தினேன்னு சொல்லிக் கூலி வாங்கிட்டுப் போயிருக்கான். நீ அதுக்குப் பச்சைக் கலர் அடிச்சுப் பிள்ளைங்க தலையில கட்டுற! கோடாலி யார் கையில இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கத் தோணல, நீ எல்லாம் ஒரு டிசைனர்!”

டிசைனருக்கு மானமே போய்விட்டது. அவளுடைய மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

மீட்டிங் முடிந்ததும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். இந்த அலுவலகத்தில் மனுஷன் என்று ஒருத்தர் உண்டென்றால் அது இவர்தான் என்று டிசைனர் நினைத்துக்கொண்டாள்.

“பார்த்தியா அந்தம்மாவை? உன்னை வேலையை விட்டுத் தூக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் மேலிடத்துல நான் கையைக் காலைப் பிடிச்சுத் தடுத்துக்கிட்டு இருக்கேன்.”

“உங்களை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் சார்.”

மறக்கவா முடியும்? கணவன் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதனால்தான் மேனேஜர் எழுத வேண்டிய அறிக்கைகளை எல்லாம் இவள் எழுதினாள். அவர் சொன்னார் என்று தங்கை கல்யாணத்துக்குக்கூட லீவு போடாமல் வந்து வேலை பார்த்தாள். அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“இப்ப ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. டாஷ்போர்டைப் பார்க்கக் கல்வித் துறைக்காரங்க வர்றாங்க. அதுல உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டுடு. அப்பதான் மேல என் பேச்சு எடுபடும். உன்னைக் காப்பாத்த எனக்கும் ஒரு பிடி வேணும்ல?”

டிசைனர் தலையாட்டிவிட்டு வந்தாள். திரையில் தன் பெயரைத் தேர்ந்தெடுத்தாள், அழிக்க மட்டும் விரல் போகவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கி யாரிடமோ கொடுப்பது போல இருந்தது. எல்லாம் அந்த ரம்பத்தால் வந்த வினை!

எழுந்து போனாள். காபி மெஷின் பக்கத்தில் ரம்பம் தனியாக நின்றிருந்தார்.

“என் வயித்துல அடிச்சு உங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?”

“ஏய், யாரு வயித்துல யாரு அடிச்சது? என்ன உளறுற?”

“என்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி நீங்க மேலிடத்துல...”

“உன்னைத் தூக்கவா!” ரம்பம் காபியை மெஷின்மேல் வைத்தார். “ஆள் பத்தாம நாங்களே அல்லாடிக்கிட்டு இருக்கோம். உன் கை வேலை சுத்தமா இருக்கு, பதவி உயர்வோட என் பிரிவுக்கு அனுப்புங்கன்னு உங்க மேனேஜர்கிட்ட நடையா நடந்தேன். அந்தப் பொம்பளைகிட்ட எல்லாம் வேலை பார்க்க முடியாதுன்னு நீ மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டதா அவர் சொன்னார். பண்றதையும் பண்ணிட்டு இங்க வந்து நியாயம் பேசறியா?”

டிசைனர் திரும்பி மேனேஜர் அறைக்கு விடுவிடுவென்று நடந்தாள்.

மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார். “வாம்மா. பேரை மாத்திட்டியா? கதவைச் சாத்திட்டு உட்காரு. இப்பகூட மேலேருந்து போன் வந்துச்சு. உன் கழுத்துக்கு வந்ததை நான்தான் எப்படியோ பேசித் திருப்பி விட்டேன்.”

டிசைனர் கதவைச் சாத்தவில்லை. உட்காரவும் இல்லை.

“கோடாலி யார் கையில இருந்துச்சு சார்?”