எழுதியவருக்குத் தகவல்

மாடிப்படியின் பாதியில் ரோஸ்லினின் மூக்குக்கண்ணாடி பேச்சை நிறுத்திவிட்டது. பார்வையில்லாத அவளுக்காக மகன் அந்தோ எழுதி அதில் சேர்த்த ஆட்-ஆன் என்னும் துணை மென்பொருள்தான் பேசுவது. "அம்மா, படி இருக்கு, பாத்து" என்று அவன் குரலிலேயே வழி சொல்லும். அவன் இறந்து இரண்டு வருடமாகியும் ஒருநாளும் தவறியதில்லை.

படியில் உட்கார்ந்தே உதவி மையத்தைக் கூப்பிட்டாள்.

"காலையில பீட்டா, அதான் சோதனைப் பதிப்பு, ஏத்துனோம்மா. பழைய ஆட்-ஆன் இதுல ஓடாது."

"சோதிச்சுப் பாக்க என் காலுதான் கெடச்சுதா?"

"அத எழுதுனவர்தாம்மா மாத்தித் தரணும். இப்பவே அவருக்குத் தகவல் அனுப்புறேன்."

மேலே, பீரோவுக்குள், அணைந்துபோக விட மனம் ஒப்பாமல் அவள் தினமும் சார்ஜ் போட்டு வைத்த அந்தோவின் போன் உரக்க வாசித்தது.

"உங்கள் ஆட்-ஆன் ஓடவில்லை. ஒருவர் காத்திருக்கிறார்."