தென்துருவத்துக் கவர்

"என்னங்க, இது அவரு கையெழுத்துங்க!"

செங்கம் ரோட்டில் இருக்கும் கணவனின் ஜெராக்ஸ் கடைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தாள் கீர்த்தனா. கையில் ஒரு தபால் கவர். பென்குவின் முத்திரை, கப்பல் முத்திரை, சுற்றிலும் ஏழெட்டுக் கையெழுத்து.

அவள் கணவன் வல்லரசு, தென்துருவத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் கப்பல்களின் தபால் கவர்களைச் சேர்க்கிறவன். தன் விலாசம் எழுதிய கவரை அனுப்பினால், கப்பல்காரர்கள் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எப்போதும் கடைக்குத்தான் வரும். இன்று கடை திறக்கத் தாமதமானதால் தபால்காரர் வீட்டிலேயே கொடுத்துவிட்டார்.

"யாரு கையெழுத்து?"

"உங்க அண்ணனுது. இங்க பாருங்க, தமிழ்ல 'மாறன்'னு. கடைசி எழுத்தை நீட்டி இழுத்து அடியில கோடு போடுவாரே, அதே மாதிரி!"

மாறன், கீர்த்தனாவின் முதல் கணவன். சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் கப்பல் மூழ்கியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. கருமாதி முடிந்து இரண்டு வருஷம் கழித்து, சொந்தக்காரர்கள் பேசி அவளை வல்லரசுக்கே கட்டிவைத்தார்கள்.

"மாறன்னு உலகத்துல எத்தினி பேரு இருக்காங்க! கவரைக் குடுத்துட்டு நீ வீட்டுக்குப் போ." வல்லரசின் முகம் வெளுத்திருந்தது.

"உங்களுக்கும் தூக்கிவாரிப் போடுதில்ல?" அவள் குரல் உடைந்தது. "அவரு உயிரோட இருந்தா நாம என்னா பண்றது? எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவரு முன்னாடி போய் நிப்பேன்? துரோகம் பண்ணிட்டேனேங்க..."

கவரைத் தடவிப் பார்த்தவள், "உள்ள ஏதோ பேப்பர் இருக்குதுங்க" என்றாள்.

"பிரிக்காத! பிரிச்சா கவருக்கு மதிப்பே போயிடும்."

அவள் ஓரத்தைக் கிழித்தாள்.

"அண்ணி, வேணாம்!"

கல்யாணத்துக்கு அப்புறம் அவன் வாயில் வராத வார்த்தை. கீர்த்தனா திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு காகிதத்தை விரித்தாள்.

'தம்பி, நான் நல்லா இருக்கேன். கீர்த்தனாவோட திதிக்கு இந்த வருஷமும் மறக்காம கோயில்ல மோட்ச விளக்கு ஏத்திடு. அவ இல்லாத ஊருக்கு நான் எதுக்குத் திரும்பி வரணும்?'